1969 காமரோ இசட்/28-இன் பூர்வீகம் தேடுதல்: எந்தச் சான்று தாங்கும், எது தாங்காது

அரிய மசில் கார் (அறுபது, எழுபதுகளின் அதிக சக்தி கொண்ட அமெரிக்கக் கார்) வாங்குகிறவர்கள் முதலில் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அந்தக் காரோடு வரும் ஃபைலை. ஃபோர்டு, பான்டியாக் கார்களுக்கு அந்த ஃபைலின் முக்கியப் பக்கத்தைப் பணம் கட்டி வாங்கிவிடலாம். ஷெவர்லே காருக்கு முடியாது. அமெரிக்காவில் விற்ற ஒரு 1969 காமரோவில் என்னென்ன ஆப்ஷன் இருந்தது என்று கேட்டுப் பெறக் கம்பெனியிடம் பதிவு இல்லை. அதனால் காமரோவைப் பொறுத்தவரை பழைய உரிமையாளர்களின் வரிசை வெறும் சுவாரசியமான கதை அல்ல, சாட்சியம். இந்தத் தேடலில் கைக்கு வரும் ஒவ்வொரு சான்றும் காலப்போக்கில் எவ்வளவு நம்பிக்கை தருகிறது என்பதை இசட்/28-ஐ வைத்தே சொல்கிறோம்.

இசட்/28 என்பது டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தின் ஐந்து லிட்டர் வரம்புக்காகப் பிறந்த கார். 302 கன அங்குல இன்ஜின், நான்கு கியர் மேனுவல், முன்பக்கம் டிஸ்க் பிரேக். 1967-இல் 602, 1968-இல் 7,199, 1969-இல் 20,302 கார்கள் வந்தன. சிக்கல் வின் நம்பரில், அதாவது ஒவ்வொரு காருக்கும் ஆலை கொடுக்கும் அடையாள எண்ணில், இருக்கிறது. 124379என் என்று தொடங்கினால் ஷெவர்லே, வி8 காமரோ, கூப்பே, 1969, ஒஹையோவின் நார்வுட் ஆலை என்று பொருள். எந்த வி8 என்று அது சொல்லாது. 307 இன்ஜினோடு வந்த சாதாரணக் காருக்கும் இதே தொடக்கம்தான். அதனால் கோடுகளும் பேட்ஜும் ஒரு 302 பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள இன்ஜினின் அடிப்படை வார்ப்பு) கிடைத்தால் எந்த வி8 காமரோவையும் இசட்/28 ஆக்கிவிட முடிகிறது. ஆக்கியும் இருக்கிறார்கள், ஏராளமாக.

வின் தகடு டேஷ்போர்டின் இடது மூலையில், கண்ணாடி வழியாகத் தெரியும். அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் தலை சின்னப் பூ வடிவில் இருக்க வேண்டும். சாதாரண பாப் ரிவெட் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். வின் தகட்டைக் கழற்றுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். பின்னால் போலீஸ் காரைப் பறிமுதல் செய்தால் நஷ்டம் வாங்கியவருக்கு. உடலில் மறைவாக இன்னும் இரண்டு இடங்களில் வின்னின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று கண்ணாடிக்கு முன்னுள்ள கௌல் பேனலுக்குக் கீழே, மற்றது ஃபயர்வாலில் (இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்பு) ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால். பெட்டியைக் கழற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஃபயர்வாலில் இருக்கும் டிரிம் டேக், அதாவது உடல் கட்டிய விவரம் பொறித்த தகடு, அடுத்தது. "03டி" என்றிருந்தால் மார்ச் நான்காவது வாரத்தில் உடல் கட்டப்பட்டது. நார்வுட் ஆலை 1968 டிசம்பரிலிருந்து இந்தத் தகட்டில் எக்ஸ் குறியீடுகளைப் பொறிக்கத் தொடங்கியது. எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்/28-க்கு உரியவை. அதற்கு முந்தைய நார்வுட் கார்களிலும் லாஸ் ஏஞ்சலஸ் ஆலைக் கார்களிலும் இந்தக் குறியீடு கிடையாது. எனவே குறியீடு இல்லாதது போலி என்பதற்கு அடையாளம் அல்ல. இருப்பதும் அசல் என்பதற்கு உறுதி அல்ல, ஏனென்றால் இந்தத் தகடுகள் புதிதாகவே அச்சடித்துக் கிடைக்கின்றன. வின்னின் வரிசை எண் 500001-இல் தொடங்கி மாதாமாதம் ஏறும். தகட்டின் வாரமும் வரிசை எண்ணும் பொருந்தாவிட்டால் ஏதோ ஒன்று வேறு காரிலிருந்து வந்திருக்கிறது.

உண்மையான வேலை இன்ஜினில்தான். வலதுபக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் ஒரு சின்னத் தட்டைப் பகுதி உண்டு. 1969-இல் ஆல்டர்னேட்டர் அதே பக்கத்தில் இருப்பதால் பெல்ட்டைத் தளர்த்தி அதை நகர்த்தினால்தான் முழுதாகத் தெரியும். கிரீஸ் நீக்க மெல்லிய பிரஷும் சால்வென்ட்டும் போதும். வயர் பிரஷ், உப்புக்காகிதம் இரண்டையும் அருகில் கொண்டுவராதீர்கள். சான்று அந்த மேற்பரப்பில்தான் இருக்கிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பல கோணங்களில் படம் எடுங்கள்.

"வி0315டிஇசட்" என்பதுபோல் ஒரு பொறிப்பு தெரியும். வி என்றால் ஃபிளின்ட் இன்ஜின் ஆலை, மார்ச் 15, டிஇசட் என்றால் 1969 இசட்/28-இன் 302. காரின் வின் பகுதி தனியாக, "19என்5" என்று தொடங்கி இருக்கும். சில கார்களில் இது ஆயில் ஃபில்டருக்கு மேலே சொரசொரப்பான வார்ப்பின்மேல் அடித்திருக்கும். தட்டைப் பகுதியில் காணவில்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். இரண்டு பொறிப்பும் இரண்டு ஆலைகளில், வெவ்வேறு கருவியால் அடிக்கப்பட்டவை. எழுத்தின் உயரம், ஆழம், வரிசை எல்லாம் ஒரே மாதிரி அழகாக இருந்தால் ஒரே ஆள் ஒரே நாளில் அடித்திருக்கிறார்.

எழுத்துக்களுக்கு அடியில் உள்ள உலோகத்தையும் பாருங்கள். ஆலையில் பிளாக்கின் மேற்பரப்பைப் பிரோச் என்ற பல்வரிசை வெட்டு எந்திரம் சீவியபோது விட்ட மெல்லிய கோடுகள் முன்னிருந்து பின்னாக, நேராக ஓடும். பட்டறையில் பிளாக்கைத் திரும்பச் சீவியிருந்தால் கோடுகள் வளைந்திருக்கும் அல்லது மழமழவென்று இருக்கும். கோடு இல்லை என்றாலே ஏமாற்று என்று சொல்ல முடியாது. இன்ஜின் ஓவர்ஹாலில் நேர்மையாகவே சீவியிருக்கலாம். ஆனால் சீவிய பரப்பின்மேல் கூர்மையாக எண்கள் நின்றால், அவை சீவிய பிறகு அடித்தவை.

அடுத்தது தேதிக் கணக்கு. பிளாக்கின் பின்பக்க ஃபிளாஞ்சில் வார்ப்புத் தேதி உண்டு: "சி 5 9" என்றால் 1969 மார்ச் 5. ஏ-யிலிருந்து எல் வரை பன்னிரண்டு மாதங்கள். பிளாக் முதலில் வார்க்கப்பட வேண்டும், பிறகு இன்ஜின் கட்ட வேண்டும், அதன்பின் கார். மார்ச் 5 வார்ப்பு, மார்ச் 15 இன்ஜின், மார்ச் நான்காம் வாரம் உடல் என்றால் ஒழுங்காக இருக்கிறது. ஏப்ரலில் வார்த்த பிளாக் மார்ச் மாதக் காரில் பிறப்பிலேயே இருந்திருக்க வழியில்லை. பலர் கவனிக்காத ஒன்று: இன்ஜின் பொறிப்பில் ஆண்டு கிடையாது. 1969 மாடல் 1968 இலையுதிர்காலத்தில் தொடங்கி, 1970 மாடல் தாமதமானதால் 1969 நவம்பர் வரை நீண்டது. "வி1015" என்றால் 1968 அக்டோபரும் ஆகலாம், 1969 அக்டோபரும் ஆகலாம். வார்ப்புத் தேதியின் கடைசி இலக்கம்தான் தீர்ப்புச் சொல்லும். பிளாக்கின் வார்ப்பு எண் 3932386, 3956618, 3970010 ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் இந்த எண்கள் வேறு இன்ஜின்களிலும் வரும் என்பதால் எண் மட்டும் எதையும் நிரூபிக்காது.

"சிஇ" என்று தொடங்கும் பொறிப்பு வாரன்டியில் மாற்றிக் கொடுத்த பிளாக். இசட்/28-ஐ வாங்கியவர்கள் ஓட்டிய விதத்துக்கு இது அபூர்வமே அல்ல. டீலரின் ரிப்பேர் ஆர்டர் கூட இருந்தால் சிஇ பிளாக் காரின் வரலாற்றில் ஒரு நேர்மையான பக்கம். திரும்பப் பொறித்த "அசல்" இன்ஜினைவிட இதையே நாங்கள் பரிந்துரைப்போம்.

மற்றப் பாகங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். மன்சி கியர்பாக்ஸில் "பி9சி15பி" என்றால் 1969 மார்ச் 15, குளோஸ் ரேஷியோ எம்21. அதிலும் வின் பகுதி உண்டு. ஹோலி 4053 கார்புரேட்டர், 1111480 டிஸ்ட்ரிபியூட்டர், 3927186 ஹெட். இவையெல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை, தனியாக விற்பனைக்கும் கிடைப்பவை. சேர்ந்து இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

இனிக் காகிதம். முதலிடம் புரொடெக்ட்-ஓ-பிளேட்டுக்கு. வாரன்டி புத்தகத்தில் செருகி வந்த சின்ன உலோகத் தகடு அது. வின், இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் குறியீடுகள் அதில் புடைத்து நிற்கும். முதல் உரிமையாளரின் பெயரும் விநியோகத் தேதியும் சேர்ந்து கிடைப்பதால் காரின் அடையாளமும் ஆளின் அடையாளமும் ஒரே இடத்தில் சேர்கின்றன. இதற்கும் போலி வருகிறது. தகட்டை மட்டும் நீட்டினால் போதாது, பழுப்பேறிய வாரன்டி புத்தகமும் வேண்டும். காரில் என்னென்ன மாட்ட வேண்டும் என்று ஆலைத் தொழிலாளிக்கு அச்சிட்ட பில்ட் ஷீட் கிடைத்தால் அதிர்ஷ்டம். பெட்ரோல் டேங்க்கின் மேலும் சீட் ஸ்பிரிங்குகளிலும் தேடிப் பாருங்கள். கண்டால் உடனே பிரிக்காதீர்கள், இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள், பிறகு பாலியெஸ்டர் உறையில் வையுங்கள், லேமினேட் செய்யவே கூடாது. ஷோரூமில் கண்ணாடியில் ஒட்டிய விலைப்பட்டியலான விண்டோ ஸ்டிக்கர்? பளபளப்பாக இருக்கிறதா, ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். அது சான்று அல்ல, அலங்காரம்.

உரிமையாளர் வரிசையைத் தேடும்போது நம் ஊர்ப் பழக்கம் உதவாது. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனையாவது உரிமையாளர் என்று இருக்கும். அமெரிக்க டைட்டிலில் (உரிமைச் சான்றிதழ்) அப்படி எதுவும் இல்லை. கார்ஃபேக்ஸ் போன்ற கார் வரலாறு தரும் சேவைகள் 17 இலக்க வின்னுக்காக உருவானவை, அது 1981 மாடலிலிருந்துதான். 13 இலக்க 1969 எண்ணை உள்ளிட்டால் ஒன்றும் வராது. மிச்சமிருப்பது மாநிலப் பதிவு அலுவலகம். 1994-இல் வந்த ஓட்டுநர் தனியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பழைய உரிமையாளர்களின் பெயர், முகவரி மூன்றாம் நபருக்கு எளிதில் கிடைப்பதில்லை. காரை வாங்கும் முன், இப்போதைய உரிமையாளர் கையெழுத்தோடு டைட்டில் வரலாற்றுக்கு விண்ணப்பிக்கச் செய்வதே சரியான வரிசை. பல மாநிலங்கள் சில ஆண்டுகளுக்கு மேற்பட்ட பதிவுகளை அழித்துவிடுகின்றன. ஒஹையோவில் டைட்டில் கொடுப்பது கவுன்டி நீதிமன்ற எழுத்தர் அலுவலகம் என்பதால், மாநிலத் தலைநகருக்கு எழுதுவதோடு நிறுத்தாமல் கவுன்டியிலும் கேட்க வேண்டும்.

ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும் போதும். பொது நூலகங்களில் இருக்கும் பழைய நகர டைரக்டரிகள், உள்ளூர்ப் பத்திரிகைகளின் இரங்கல் குறிப்புகள் வழியாகக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கலாம். முதல் தொடர்பு கடிதமாக இருக்கட்டும், போன் வேண்டாம். காரின் இன்றைய படம் ஒன்றை வையுங்கள், "காரைத் திரும்பக் கேட்கவோ விற்கவோ வரவில்லை" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். கேள்விகளில் பதிலை ஊட்டாதீர்கள். "உங்கள் கார் இசட்/28-தானே?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "என்ன நிறம், எத்தனை கியர், இன்ஜின் எப்போதாவது மாறியதா, யாருக்கு விற்றீர்கள்?" என்று கேளுங்கள். பழைய ஆல்பம் கேளுங்கள். பிறந்தநாள் படத்தின் ஓரத்தில் நம்பர் பிளேட்டோடு நிற்கும் கார், நினைவாகச் சொல்லும் பத்து வாக்கியங்களைவிட வலுவானது. கடைசியில் நோட்டரி முன் கையெழுத்திட்ட வாக்குமூலம். வாங்கிய, விற்ற ஆண்டு, மைல் கணக்கு, இன்ஜின், நிறம் எல்லாம் அதில் வரட்டும். ஓடோமீட்டர் ஐந்து இலக்கம்தான், 99,999-க்குப் பிறகு பூஜ்யம். சர்வீஸ் ரசீதுகளில் உள்ள மைல்களைத் தேதிவாரியாக அடுக்கினால்தான் உண்மை தெரியும்.

மற்றக் கம்பெனிகளோடு ஒப்பிட்டால் காமரோக்காரர்களுக்குப் பொறாமை வரும். பான்டியாக்குக்கு பி.எச்.எஸ். (பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) இருக்கிறது, ஆலையின் பில் நகலையே அனுப்பிவிடுவார்கள். பான்டியாக்கின் 1969 ஜிடிஓ ஜட்ஜ் மாடல் மொத்தம் 6,833. அதன் வின்னும் ஜட்ஜ் என்று சொல்லாது, ஆனால் பில்லில் டபிள்யூடி1 குறியீடு இருக்கும், விவாதம் முடிந்தது. ஃபோர்டுக்கு 1967 முதல் மார்ட்டி ரிப்போர்ட், ஆலைப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் அறிக்கை. நம்பகமானது, தாமதமின்றி வருவது. அதன் புள்ளிவிவரப் பகுதியை மட்டும் விற்பவர்கள் வளைக்கிறார்கள்: நிறம், சீட், ரேடியோ, கடிகாரம் என்று கூட்டிக்கொண்டே போனால் எந்தக் காரும் "உலகில் ஒன்றே ஒன்று" ஆகிவிடும். கிரைஸ்லர் கார்களில் வின்னின் ஐந்தாவது எழுத்தே இன்ஜினைச் சொல்லும். 1970, 71-இல் ஆர் என்றால் 426 ஹெமி. அங்கே பிராட்காஸ்ட் ஷீட் (கிரைஸ்லரின் பில்ட் ஷீட்) பின் சீட்டுக்கு அடியில் கிடைக்கும், ஆனால் பக்கத்துக் காரின் ஷீட் தவறி வந்திருப்பதும் சகஜம், எனவே வின்னைச் சரிபாருங்கள். உங்கள் காமரோ முதலில் கனடாவில் விற்றதாக இருந்தால் ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் கனடா கிளையிடம் கேளுங்கள், அவர்களிடம் பதிவு உண்டு.

தொடர்ச்சியான உரிமை வரலாறு விலையை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு "புல்லிட்" படத்தில் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய 1968 மஸ்டாங் ஜிடி உச்ச உதாரணம். ஸ்டுடியோவிலிருந்து வெளியேறிய பின் சில கைகள் மாறி, 1974-இல் ஒரு குடும்பத்திடம் சேர்ந்து அங்கேயே தங்கியது. அதைத் திரும்பக் கேட்டு மெக்குயின் 1977-இல் எழுதிய கடிதம், படப்பிடிப்பு கேமராவுக்காக உடலில் பற்றவைத்த அடையாளங்கள், மார்ட்டி ரிப்போர்ட், 8ஆர்02எஸ்125559 என்ற வின் எல்லாம் ஒன்றையொன்று தாங்கின. பெயின்ட் மங்கிய, ரெஸ்டோர் செய்யாத அந்தக் கார் 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிம்மியில் நடந்த மீகம் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போனது. வாங்குபவர் கமிஷன் பத்து சதவீதம் சேர்த்து 37.4 லட்சம்.

மதிப்பீட்டில் அடிக்கடி சறுக்குவது இந்தக் கமிஷனில்தான். ஒரு பட்டியல் சுத்தி விலையை (ஏலத்தில் சுத்தியல் தட்டியபோது நின்ற தொகை) காட்டும், இன்னொன்று கமிஷன் சேர்த்த விலையை. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் கணக்கு தவறும். விற்காமல் திரும்பிய காரின் உச்ச ஏலத்தொகை விலையே அல்ல. பழைய கார்களுக்கு விலை மதிப்பிடும் ஹாகர்ட்டி நிறுவனத்தின் நான்கு தர அட்டவணை தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் தரம் காரின் நிலையைச் சொல்கிறதே தவிர ஃபைலின் நிலையைச் சொல்வதில்லை. எங்கள் வரிசை இப்படி: அசல் இன்ஜினும் முதல் உரிமையாளர் வரை காகிதமும் உள்ளது மேலே; அடுத்து அசல் இன்ஜின், காகிதம் குறைவு; பிறகு ரசீதோடு சிஇ பிளாக்; அதற்குக் கீழே தேதி பொருந்தும் வேறு பிளாக். திரும்பப் பொறித்ததாகச் சந்தேகம் உள்ள கார், எத்தனை அழகாக இருந்தாலும், சாதாரண வி8 காமரோவின் விலைக்கு மேல் ஒரு டாலர் பெறாது. ரெஸ்டோரேஷன் செலவு அசலுக்கும் நகலுக்கும் ஒன்றே என்பதால், விற்பவர் காட்டும் பில்கள் மதிப்பைக் கூட்டாது.

முன்பணம் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகள் எழுதி வாங்குங்கள்: மறைவான வின் பொறிப்புகளைப் பார்க்க அனுமதி, இன்ஜின் பொறிப்பைச் சுயேச்சையான நிபுணர் நேரில் பார்த்து எழுத்தில் தரும் அறிக்கை, டைட்டில் வரலாற்று விண்ணப்பத்தில் உரிமையாளரின் கையெழுத்து. நிபுணரின் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள், விற்பவர் கட்டினால் அறிக்கை அவருடையதாகிவிடும்.