சீனிப்பூ வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

‘கருவியே வேண்டாம், கையாலேயே சீனிப்பூ’ என்று விளம்பரம் செய்து நாகர்கோவிலில் கேக்கை அலங்கரிக்கும் சர்க்கரை மாவுப் பூக்கள் செய்ய ஒரு நாள் வகுப்பு நடத்துகிறார்கள். கட்டணம் 2,500 ரூபாய். குமரி மாவட்டத்தில் கல்யாண கேக்குக்குக் குறைவில்லை. வீட்டிலிருந்தே ஆர்டர் எடுக்கும் பெண்களும் அதிகம். வலை விரித்திருப்பது அவர்களுக்குத்தான்.

போய் உட்கார்ந்ததுமே இதழ் அச்சும் உருட்டுக்கட்டையும் அடங்கிய பெட்டியை மேசைமேல் வைத்து, 1,800 ரூபாய் என்றார்கள். விளம்பரத்தைக் காட்டிக் கேட்டேன். “அது கை பழகினவங்களுக்கு அக்கா” என்றார் பயிற்றுநர். கை பழகியவர் எதற்காக 2,500 ரூபாய் கட்டி அங்கே வர வேண்டும்?

அடுத்தது மாவு. காய்ந்தால் நன்றாக இறுகும் பூ மாவான கம் பேஸ்ட் என்று சொல்லிக் கொடுத்தது, கேக்கை மூடப் பயன்படும் வெறும் ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை மாவு. அது காய்ந்தாலும் முழுதாக இறுகாது. மார்த்தாண்டம் வந்து சேர்வதற்குள் என் ரோஜாவின் வெளியிதழ்கள் மடங்கி, டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டன. தொலைபேசியில் கேட்டதற்கு, “உங்க ஊர் ஈரம்” என்றார்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. சீனி ஈரத்தை இழுக்கும் என்பதும் உண்மைதான். அதற்காகத்தானே பூ மாவில் அதை இறுகச் செய்யும் டைலோஸ் தூள் சேர்க்கிறார்கள்!

அந்தத் தூளையும் ‘இறுகு தூள்’ என்ற பெயரில் 50 கிராம் 400 ரூபாய்க்கு விற்றார்கள். உறையில் சேர்மானப் பட்டியலும் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. ஒரு தேக்கரண்டி எடுத்துக் குளிர்ந்த நீரில் கலக்கி வைத்தேன். டைலோஸாக இருந்தால் கூழாகக் கெட்டிப்பட்டிருக்க வேண்டும். இதுவோ டம்ளரின் அடியில் வெள்ளையாகப் படிந்தது. மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அடியில் படிந்ததில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டதும் கருநீலமாக மாறியது. மாவுச்சத்தின் குணம் அது. சோளமாவாகத்தான் இருக்க வேண்டும்.

உண்மையில் இந்த வேலைக்குப் பெட்டி தேவையே இல்லை. கால் கிலோ ஃபாண்டன்ட்டில் ஒரு தேக்கரண்டி அசல் டைலோஸ் பிசைந்து, மூடிச் சில மணி நேரம் வையுங்கள். சுண்டைக்காய் அளவு உருண்டையைப் பிளாஸ்டிக் உறைக்கு நடுவில் வைத்துப் பெருவிரலால் ஓரத்தை மட்டும் தேய்த்து மெலிதாக்குங்கள். அடிப்பகுதி தடிப்பாகவே இருக்கட்டும். ஓரத்தில் பல்குத்தும் குச்சியை உருட்டினால் சுருக்கம் விழும். தேக்கரண்டியின் குழியில் வைத்துக் காயவிட்டால் இதழ் வளைவாக நிற்கும். குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்; வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “அடுத்த வகுப்புக்கு இலவசமா வாங்க” என்ற பதிலோடு என் எண்ணை முடக்கிவிட்டார்கள். ரசீதும் தரவில்லை; ஆனால் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பிய பதிவும் விளம்பரத்தின் படமும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அந்த வகுப்புக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் விளம்பரம் நீக்கப்படுவதற்குள் அதைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தூள் பொட்டலத்தையும் தூக்கி எறியாதீர்கள்.