ஆறடி தாண்டிய, பாரமான ஆளுக்கு எந்த மவுண்டன் சைக்கிள்?

உயரமான ஒருவர் சைக்கிள் கடைக்குள் நுழைந்தால், கடைக்காரர் முதலில் சீற்றை உயர்த்தித்தான் காட்டுவார். "ஏறிப் பாருங்கோ அண்ணை, கால் வடிவா எட்டுது" என்பார். கால் எட்டும்தான். ஆனால் சீற்றை உயர்த்தினால் சைக்கிள் பெரிதாகிவிடாது. ஹாண்டில் பழைய இடத்திலேயே நிற்கும், திருப்பும்போது முழங்கால் அதில் இடிக்கும், உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கும். நீளமாக வெளியே நிற்கும் சீற் தண்டு பிரேமை ஒவ்வொரு குழியிலும் நெம்பும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 அடி 2 அங்குலம், 110 கிலோ உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெறுங்காலோடு சுவரோடு நின்று, கவட்டிலிருந்து தரைவரை அளந்தால் அவருக்கு 90 சென்ரிமீற்றர் வருகிறது. அதை 0.883ஆல் பெருக்கினால் பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சிலிருந்து சீற்றின் மேல்வரை இருக்கவேண்டிய உயரம் கிடைக்கும்: ஏறத்தாழ 79.5. கடைகளில் அதிகம் தொங்கும் 17 அங்குலப் பிரேமின் சீற் குழாய் 43 சென்ரிமீற்றர்தான். சீற்றின் தடிப்புக்கு 5 கழித்தாலும் 31 சென்ரிமீற்றர் தண்டு வெளியே நிற்கவேண்டும். 35 சென்ரிமீற்றர் தண்டில் குறைந்தது 10 உள்ளே இருக்கவேண்டும் என்றால் கணக்கு எப்படிச் சரிவரும்? தண்டில் பொறித்திருக்கும் கோட்டைத் தாண்டி இழுத்துவிட்டு, பிறகு பிரேம் வெடித்துவிட்டது என்று அழுவதில் பயனில்லை. 21 அங்குலப் பிரேம் என்றால் 21 சென்ரிமீற்றர் சொச்சம்தான் வெளியே நிற்கும். அது சரி.

இனிப் போட்டிக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் இப்படிப்பட்ட ஆள் யோசிக்கக்கூடியவை நான்கு: முன்னும் பின்னும் ஷொக் போட்ட மலிவுச் சைக்கிள், ஜப்பானிலிருந்து வரும் பாவித்த 26 அங்குல மவுண்டன் சைக்கிள், 29 அங்குலச் சில்லுள்ள பெரிய பிரேம் மவுண்டன் சைக்கிள், எங்கள் அப்பாமார் ஓடிய 28 அங்குல ரோட்ஸ்ரர்.

முதலாவதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். பாரமான ஆள் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அந்தப் பின் ஷொக்கை அமுக்குவதிலேயே போய்விடும். பிரேமும் ஒரே அளவில்தான் வரும். பிள்ளைகள் ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள், நீங்கள் ஏறவேண்டாம்.

ஷொக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். குடாநாட்டில் மலை கிடையாது. எங்களுக்கு ஏற்றம் என்பது காற்றுத்தான். சோளகம் வீசும் மாதங்களில் வல்லை வெளியிலோ பண்ணைப் பாலத்திலோ எதிர்க்காற்றில் மிதித்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. குழிகளும் கிறவலும் தீவுப்பக்கத்து மணலும் உண்டுதான், அவற்றை அகலமான ரயரே பார்த்துக்கொள்ளும். மலிவான முன் ஷொக்கில் இருப்பது சுருள்வில். நடுத்தர எடையுள்ள ஆளை மனதில் வைத்து அதைப் போடுகிறார்கள். 110 கிலோ ஏறினால் அது பாதி அமர்ந்தபடியே ஓடும், பிறேக் பிடித்தால் அடியில் போய் இடிக்கும். காற்றடிக்கும் வகை ஷொக் என்றால் ஆளின் எடைக்கு ஏற்றபடி அழுத்தம் வைக்கலாம், ஆனால் அதற்கென்று தனிப் பம் வேண்டும், விலையும் கூட. பட்ஜெட் அந்தளவுக்கு இல்லையென்றால் ஷொக்கே இல்லாத இரும்பு ஃபோர்க்தான் என் தேர்வு. உப்புக்காற்றில் ஷொக் தண்டு துருப்பிடிக்குமே என்ற கவலையும் மிச்சம்.

பாவித்த ஜப்பான் சைக்கிள்களின் பெருமை தெரிந்ததுதான். பழைய இரும்புப் பிரேம், நல்ல வெல்டிங், கையில் எடுத்தாலே தரம் தெரியும். 26 அங்குல ரயரும் ரியூப்பும் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். சில்லு சிறிது என்பதால் அதே எண்ணிக்கைக் கம்பியில் பெரிய சில்லைவிட உறுதியாகவும் நிற்கும். ஒரேயொரு குறை அளவு. பெரிய பிரேம் தேடினாலும் சுலபத்தில் அகப்படாது. 19 அங்குலத்துக்கு மேல் ஒன்று கண்ணில் பட்டால், துருவில்லாவிட்டால், யோசிக்காமல் எடுக்கலாம். அப்படி ஒன்று கிடைக்கும்வரை காத்திருக்கப் பொறுமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

29 அங்குலம் என்று சொல்வதன் றிம் விட்டம் 622 மில்லிமீற்றர், 26இன் விட்டம் 559. பெரிய சில்லு குழிக்குள் ஆழமாக இறங்காமல் உருண்டு போகும், மணலிலும் குறைவாகவே புதையும். அதைவிட முக்கியம், உயரமான ஆளுக்கு என்றே இந்த வகையில் பெரிய பிரேம்கள் செய்கிறார்கள். ஹாண்டிலும் எட்டத்தில் இருப்பதால் முதுகைச் சாய்த்து, காற்றுக்குக் குனிந்து ஓடலாம். பொன்னாலைப் பாலத்தைக் கடந்து கசூரினா வரை போகிறவருக்கு இது பெரிய ஆறுதல். ரயர்தான் எல்லாக் கடையிலும் இராது, வாங்கும்போதே ஒன்று கூடுதலாக எடுத்து வையுங்கள். நடுவழியில் ரியூப் போனால் 26இன் ரியூப்பைப் போட்டு வீடுவந்து சேரலாம், அது இழுபட்டுக் கொடுக்கும்.

ஆனால் 29 என்று எழுதியிருந்தால் போதாது. பின்சில்லைப் பார்க்கவேண்டும். பாரமான ஆளுக்கு முதலில் போவது பின்சில்லுத்தான். கம்பி 32க்குக் குறையக்கூடாது, 36 என்றால் இன்னும் நல்லது. அடுத்தது அச்சு. மலிவுச் சைக்கிள்களில் பல்லுச்சக்கரம் ஹப்பில், அதாவது சில்லின் நடுக்குடத்தில், திருகிப் பூட்டப்பட்டிருக்கும். அந்த அமைப்பில் வலப்பக்கத்துப் பேரிங் உள்ளே தள்ளி இருக்க, அதற்கும் பிரேமுக்கும் இடையில் அச்சு தாங்கலில்லாமல் நிற்கும். 7 கியர் போட்டால் அந்த இடைவெளி இன்னும் நீளும், 110 கிலோவுக்கு அச்சு வளையும், சிலவேளை முறியும். பல்லுச்சக்கரத்தைத் திருகாமல் செருகிப் பூட்டும் கசெட் வகை ஹப்பில் பேரிங் வெளிப்பக்கமாக, பிரேமுக்குக் கிட்ட இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: சில்லைக் கழற்றி, பல்லுச்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். கழற்றும் சாவி பூட்டுகிற நடுப்பகுதியும் சேர்ந்து சுற்றினால் கசெட். அது சும்மா நின்றால் திருகுவகை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் இதைச் செய்து பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

பிறேக்கில் நான் பெரிதாகச் சண்டை பிடிக்கமாட்டேன். எண்ணெய் டிஸ்க் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஒழுங்கை முடக்கில் இருக்கும் திருத்துகிற கடையில் அதைப் பார்க்கமாட்டார்கள். சமதரைக்குக் கம்பி இழுக்கும் டிஸ்க் போதும், முன் தட்டு மட்டும் 160க்குப் பதில் 180 மில்லிமீற்றராக இருக்கட்டும்.

கடைசியாக ரோட்ஸ்ரர். மவுண்டன் சைக்கிள் பற்றிய பேச்சில் இது எதற்கு என்று இளசுகள் கேட்கலாம். தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் விறகுக் கட்டும் மண்ணெண்ணெய்க் கானும் ஆட்களும் இதில்தான் போயின. பழைய ஆங்கில மரபுப்படி முன்சில்லுக்கு 32, பின்சில்லுக்கு 40 கம்பி. 24 அங்குலப் பிரேமும் உண்டு, மேலே சொன்ன 90 சென்ரிமீற்றர் காலுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். ஆனால் நிமிர்ந்து உட்கார வைக்கும், எதிர்க்காற்றில் அகன்ற நெஞ்சு பாய்மரமாகிவிடும். மாரியில் றிம் நனைந்தால் தண்டு பிறேக் பேருக்குத்தான். மணற்காட்டு மணலில் ஒல்லி ரயர் சிக்கி நிற்கும்.

ஆகவே தனியாக ஓடுகிறவருக்கு என் ஓட்டு 29க்கு. ஆனால் பாரில் ஒருவரை, கரியரில் இன்னொருவரை ஏற்றும் எங்கள் பழக்கத்தை அதில் காட்டமுடியாது. ட்ரெக் போன்ற நிறுவனம் தன் மவுண்டன் சைக்கிள்கள் பலவற்றுக்கு இடும் எல்லை 136 கிலோ, ஆள், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து. 110 கிலோ ஆளும் 15 கிலோ சைக்கிளும் போக மிஞ்சுவது 11 கிலோ. ஒரு சாக்கு அரிசிக்கே அது காணாது. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுச் சந்தைக்கும் போகிறவர் ரோட்ஸ்ரரையே எடுக்கட்டும்.