டியூப்பை மாற்றுவதா, கூலன்டை மாற்றுவதா?

என்னிடம் இருப்பது பழைய மூன்று கண் புரொஜெக்டர். பழைய டிவியில் இருப்பது போன்ற பிக்சர் டியூப்தான், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று, ஒவ்வொன்றும் ஏழு அங்குலம், ஒவ்வொன்றுக்கும் தனி லென்ஸ். ஒரு கல்லூரி வேண்டாம் என்று ஒதுக்கியபோது ஏலத்தில் எடுத்தேன். போன வருஷம் படத்தின் பெயர்ப்பட்டியல் ஓடும்போது வெள்ளை எழுத்துகளைச் சுற்றிப் பச்சையாகப் பாசி படர்ந்தது போல ஒரு மங்கல் வர ஆரம்பித்தது.

கேட்ட இடத்தில் இரண்டு யோசனை வந்தது. பழைய பச்சை டியூப் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டு என்றார் ஒருவர். டியூப்பை விடு, அதன் முன்னால் இருக்கும் கூலன்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, மாற்று என்றார் இன்னொருவர். வீட்டில் மூன்றாவதாக ஒன்று சொன்னார்கள்: இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். வெளிச்சத்துக்கும் எடைக்கும் பார்த்தால் அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாகவே இருப்பதற்காகத்தானே இதை வைத்திருக்கிறேன்.

செலவு செய்வதற்கு முன்னால் மங்கல் எங்கே என்று பார்த்துவிட வேண்டும். அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடானதும், கட்டம் போட்ட டெஸ்ட் படத்தை வரவழைத்து, இரண்டு லென்ஸை மூடிவிட்டு ஒரு நிறத்தை மட்டும் பாருங்கள். தனித்தனியாகக் கோடு கூர்மையாக இருந்து, மூன்றும் சேரும்போது மட்டும் விளிம்பில் நிறம் பிதுங்கினால் அது ஃபோகஸ் கோளாறே இல்லை, கன்வர்ஜென்ஸ், அதாவது மூன்று நிறமும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழாத கோளாறு. பெரும்பாலும் ரிமோட்டிலேயே தீர்ந்துவிடும். தனியாகவே மங்கினால், பிரகாசத்தை நன்றாகக் குறைத்துவிட்டு லென்ஸ் வழியாக டியூப் முகத்தைப் பாருங்கள். அங்கே கோடுகள் இழை இழையாகத் தெரிந்தால் எலக்ட்ரானிக் ஃபோகஸில் பிழையில்லை, கோளாறு கண்ணாடிப் பக்கம். அங்கேயே அப்பிக் கிடந்தால் ஃபோகஸ் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் நான் கை வைத்ததில்லை, அதனால் அதற்கு மேல் சொல்லப் போவதில்லை.

நீலம் மட்டும் லேசாக மங்கியிருந்தால் பதற வேண்டாம். நீலப் பாஸ்பர் (டியூப் முகத்தின் உள்ளே ஒளிரும் பூச்சு) சீக்கிரம் திணறிவிடும் என்பதால், அதன் மேல் விழும் எலக்ட்ரான் கற்றையைக் கொஞ்சம் பரப்பி வேண்டுமென்றே மங்கலாக வைப்பது வழக்கம்.

என் பச்சையில் இழைகள் தெளிவாகத் தெரிந்தன. அணைத்துவிட்டு லென்ஸுக்குள் டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். நீர் மோர் போல வெளுத்துத் தெரிந்தது. டியூப் முகத்துக்கும் அதன் முன்னால் இருக்கும் குழிக் கண்ணாடிக்கும் நடுவே எத்திலீன் கிளைகாலும் கிளிசரினும் கலந்த திரவம் நிற்கும். டியூப்பின் சூட்டைக் குறைப்பதோடு, நடுவில் காற்று இல்லாமல் செய்து உட்பிரதிபலிப்பையும் குறைக்கும். வருஷக்கணக்கில் அது கலங்கும், கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். அப்போது கோடு தடிக்காது, கோட்டைச் சுற்றி ஒளிவட்டம் வரும். என் பாசி அதுதான். (சில மாடல்களில் சிவப்புக்கும் பச்சைக்கும் நிறம் சேர்த்த கூலன்டே ஊற்றியிருப்பார்கள். அதைக் கெட்டுப்போனது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள்.)

டியூப் மாற்றுவதை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. பாஸ்பரில் தழும்பு விழுந்திருந்தால் வேறு வழியே கிடையாது. ஆனால் கிடைப்பது பழைய டியூப், எத்தனை மணி நேரம் ஓடியது என்பது விற்பவர் வாய்ச்சொல். அதிலிருக்கும் கூலன்டுக்கும் நம்முடையதற்கும் ஒரே வயதாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

என்னைத் தடுத்தது காசு அல்ல, மாட்டிய பிறகு வரும் வேலை. யோக்கை (டியூப் கழுத்தில் கற்றையை வளைக்கும் சுருள்) திருப்பிப் படத்தை நேராக்க வேண்டும், கழுத்துக் காந்தங்களால் புள்ளியை வட்டமாக்க வேண்டும், லென்ஸின் சாய்வு, நடு ஃபோகஸ், மூலை ஃபோகஸ் எல்லாம் மறுபடி. அதுவும் பச்சை என்றால் கேட்கவே வேண்டாம். பச்சையைத்தான் அளவுகோலாக வைத்துச் சிவப்பையும் நீலத்தையும் அதன் மேல் பொருத்துகிறோம். பச்சை அசைந்தால் மற்ற இரண்டையும் முதலிலிருந்து பொருத்த வேண்டும். என் புரொஜெக்டர் ஒவ்வொரு சிக்னலுக்கும் கன்வர்ஜென்ஸைத் தனியாக நினைவில் வைக்கும். என்னிடம் நாலு சிக்னல். ஒன்றுக்கு ஒரு ராத்திரி போகும்.

கூலன்ட் மாற்றும்போது யோக் இருந்த இடத்திலேயே இருக்கும். பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் சும்மா விட்டேன். உள்ளே ஓடுவது 30,000 வோல்ட் அளவிலான மின்சாரம், அணைத்த பிறகும் தங்கியிருக்கும். பிறகு நானும் மைத்துனரும் புரொஜெக்டரை லென்ஸ் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி, லென்ஸைக் கழற்றி, பழையதை உறிஞ்சி எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் புதியதை ஊற்றினோம். கலவை நாலு பங்கு கிளைகாலுக்கு ஒரு பங்கு கிளிசரின். கார் கூலன்ட் வேண்டாம், அதில் சாயமும் வேறு சேர்மானங்களும் உண்டு. கிளைகால் இனிக்கும் விஷம், குழந்தைகளும் நாயும் எட்டாத இடத்தில் வையுங்கள். ஓரமாக மெதுவாக ஊற்றி ராத்திரி முழுக்க விட்டால் குமிழிகள் மேலே வந்துவிடும். சூட்டில் விரிய இடம் வேண்டும், வாய் வரை நிரப்பக் கூடாது.

ஒரு தப்பு செய்தேன். திரவம் கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டேன். மூன்றாம் நாள் லென்ஸ் அடியில் விரலில் பிசுக்கென்று ஒட்டியது. ஒரு சொட்டுதான். சர்க்யூட் போர்டில் விழுந்திருந்தால் கதை வேறு. புது கேஸ்கெட் வெட்டிப் போட்டு மறுபடி எல்லாவற்றையும் செய்தேன். அப்படியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான். லென்ஸுக்கு முன்னால் காற்று இடைவெளி வைத்த டியூப்புகளுக்கு இந்த வைத்தியம் அப்படியே பொருந்தாது. புதுக் கலவை எத்தனை வருஷம் தெளிவாக நிற்கும் என்பதற்கும் என் எட்டு மாத அனுபவம் போதாது.

பாசி போய்விட்டது. கன்வர்ஜென்ஸில் ஒரு கோட்டளவு கூட நகரவில்லை, நடு ஃபோகஸை மட்டும் லேசாகத் திருகினேன். ஆனால் பச்சை வெளிச்சம் கூடிப் போய் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் இளம்பச்சை அடித்தன. பச்சையின் அளவைக் குறைத்த பிறகுதான் சட்டை வெளுத்தது. இப்போது சிவப்பின் மங்கல் கண்ணை உறுத்துகிறது. கேஸ்கெட் ஷீட்டில் இன்னும் ஒன்று வெட்ட இடம் இருக்கிறது.