சிறப்புப் பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம்: வேலூரில் நாங்கள் ஏமாந்த கதை

என் தம்பிக்கு 19 வயது. மூளை முடக்குவாதம், கூடவே வலிப்பு. பேச்சு வராது. பல் வலித்தால் சுவரில் தலையை முட்டிக்கொள்வான், அதை வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

போன வருடம் ஈறு தடித்துப் பல்லைப் பாதி மூடிவிட்டது. பிரஷ் பட்டாலே ரத்தம். 'சிறப்புக் குழந்தைகளுக்குத் தனிக் கவனிப்பு' என்று போர்டு வைத்திருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குக் காட்பாடியிலிருந்து ஆட்டோவில் கூட்டிப் போனோம். "வீட்டில் யாரும் சரியாகப் பல் தேய்த்து விடுவதில்லை, ஆறு சிட்டிங் கிளீனிங் செய்யணும்" என்றார்கள். முன்பணம் 9,000 ரூபாய். தினமும் இரண்டு வேளை தேய்த்துவிடும் அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது சிட்டிங்கில் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு பேர் அவன் கை காலை அமுக்கிப் பிடித்தார்கள். கீழுதடு கிழிந்துவிட்டது. "வாணாம்பா, வுட்டுடுங்க" என்று அம்மா அழுத பிறகுதான் விட்டார்கள். மீதிப் பணம் கேட்டால் பேக்கேஜ் பணம் திரும்ப வராதாம்.

அப்புறம் வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே பல் டாக்டர் வாயைப் பார்க்கும் முன்பே, "வலிப்புக்கு என்ன மாத்திரை?" என்று கேட்டார். ஃபெனிடாயின், ஏழு வருடமாக. அது சிலருக்கு ஈறை வளர வைக்கும், அழுக்கு படிந்தால் இன்னும் அதிகமாகும் என்றார். முதல் கிளினிக்கில் பணம் வாங்கியவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. மாத்திரை என்னவென்று கேட்காத இடத்தில் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். நரம்பியல் டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு பலமாக வந்துவிடும்.

தேய்க்கும் முறையையும் அங்கேதான் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் சாய்த்துக்கொள்வார். பழைய பிரஷின் பிடியில் துணி சுற்றி ஒரு பக்கக் கடைவாயில் வைத்தால், கடித்துக்கொண்டு வாயைத் திறந்தே வைத்திருப்பான். மறுபக்கம் பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட். இப்போது ரத்தம் வருவதில்லை.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், பல் பராமரிப்பும் அதில் சேரும். ஆனால் முறையான பில் வேண்டும். எங்களுக்கு அந்தக் கிளினிக் கொடுத்தது பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு, அதை வைத்து ஒரு ரூபாய்கூட வாங்க முடியவில்லை.