பியாங்காவா, ஃப்ளோராவா? டிராகன் குவெஸ்ட் 5-இன் கல்யாணக் கணக்கு

1992-இல் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்த வீடியோ கேம் டிராகன் குவெஸ்ட் 5. அதில் நாயகன் யாரைக் கட்டுவது என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும், அதனால் ஆடியவர்கள் இரண்டு கட்சி. சிறுவயதுத் தோழி பியாங்காவைக் கட்டியவர்கள் ஒரு பக்கம், பணக்கார வீட்டுப் பெண் ஃப்ளோராவைக் கட்டியவர்கள் இன்னொரு பக்கம். ஆங்கிலப் பதிப்பில் ஃப்ளோராவின் பெயர் நேரா. முதல் கட்சிக்கு நல்ல பெயர். இரண்டாவது கட்சியைப் பார்த்து, "சொத்துக்காகத்தானே கட்டினாய்?" என்று கேட்பார்கள்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நாயகன் தேடி அலையும் கேடயம் ஃப்ளோராவின் அப்பா ரொட்ரிகோவிடம் இருக்கிறது. நெருப்பு மோதிரத்தையும் நீர் மோதிரத்தையும் கொண்டுவருபவன்தான் மாப்பிள்ளை, மாப்பிள்ளைக்குத்தான் கேடயம். நம் ஆள் பெண் கேட்டுப் போவதே அதற்காகத்தான்.

பியாங்கா பக்கம் இருப்பது பழைய கடன். அவனுக்கு 6 வயது, அவளுக்கு 8. பையன்கள் வதைத்துக்கொண்டிருந்த ஒரு விலங்குக் குட்டியைக் காப்பாற்ற, இரண்டு பேரும் ராத்திரியில் பேய்க் கோட்டைக்குள் போனவர்கள். அப்புறம் அவன் பத்து வருடம் அடிமையாகக் கிடந்து தப்பி வரும்போது, அவள் ஒரு மலைக் கிராமத்தில் இருக்கிறாள். அம்மா போய்விட்டாள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. நீர் மோதிரத்தை எடுக்க வேண்டும் என்றதும் அவளும் கூடவே குகைக்குக் கிளம்பிவிடுகிறாள். இன்னொருத்தியைக் கட்டுவதற்கான மோதிரம் அது என்று தெரிந்தேதான்.

இதற்கு எதிரே ஃப்ளோராவை நிறுத்தினால் அவள் தோற்பாள் என்றுதான் தோன்றும். ஆனால் பணம் அப்பாவுடையது, அவளுடைய குணம் வேறு. நெருப்பு மோதிரத்துக்காகப் போய் உடம்பெல்லாம் வெந்து திரும்பிய ஆண்டி (Andy) என்ற இன்னொரு மாப்பிள்ளைப் போட்டியாளனுக்கு அவள்தான் பணிவிடை செய்கிறாள். பியாங்காவின் மனதில் என்ன இருக்கிறது என்பதைச் சபையில் முதலில் எடுத்துச் சொல்வதும் அவள்தான். கைக்கு வந்த மாப்பிள்ளை போய்விடுவானே என்று அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம், இல்லையா?

சரி, பணக் கணக்குக்கு வருவோம். பியாங்காவைக் கட்டினாலும் ரொட்ரிகோ கேடயத்தைத் தந்துவிடுகிறார். கப்பலையும் தருகிறார், கல்யாணச் செலவும் அவருடையதே. ஃப்ளோராவைக் கட்டினால் மாமனார் வீட்டுச் சீராகக் கொஞ்சம் தங்கக் காசும் சில பொருட்களும் கூடுதலாக வரும், அவ்வளவுதான். நாலு நாள் அரக்கர்களோடு சண்டை போட்டால் அந்தக் காசு தானாகச் சேர்ந்துவிடும். போதாததற்கு, நாயகனே ஒரு ராஜாவின் மகன் என்று பிறகு தெரியவருகிறது.

சண்டையில் பியாங்காவுக்கு நெருப்பு மந்திரம், ஃப்ளோராவுக்கு வெடிப்பு மந்திரம். இதற்காக ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பது வீண். இரட்டைக் குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் மனைவியைக் கடத்திவிடுகிறார்கள். கணவனும் மனைவியும் கல்லாகி வருடக்கணக்கில் நிற்கிறார்கள். யாரைக் கட்டினாலும் இதேதான். மாறுவது பிள்ளைகளின் முடி நிறம்: பியாங்கா என்றால் பொன்னிறம், ஃப்ளோரா என்றால் நீலம்.

2008-இல் நிண்டெண்டோ டிஎஸ் பதிப்பில் ஃப்ளோராவின் அக்கா டெபோராவும் வந்து சேர்ந்தாள். புருஷனை வேலைக்காரனாக நடத்துகிறவள். சிரிக்கலாம், ஆனால் இந்த வழக்கில் அவளுக்கு இடமில்லை. (யாரைக் கட்டுவது என்று சொல்ல வேண்டிய நேரத்தில், பெண்களை விட்டுவிட்டு ரொட்ரிகோவிடமே போய் நின்றால் அந்த மனிதர் பதறுவார். ஒரு முறையாவது செய்து பாருங்கள்.)

என் பார்வையில் தராசைச் சாய்ப்பது பணமே இல்லை, கழித்துவிடப்பட்டவளின் கதி. பியாங்காவைக் கட்டினால் ஃப்ளோராவுக்கு ஆண்டி கிடைக்கிறான். ஃப்ளோராவைக் கட்டினால் பியாங்கா கடைசிவரை அப்பாவோடு அந்த மலைக் கிராமத்திலேயே தனியாக இருக்கிறாள். எழுதியவர்கள் ஒரு தட்டில் கல்லை வைத்துவிட்டுத்தான் நம்மிடம் தராசைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது ஆட்டத்தில் நான் ஃப்ளோராவைக் கட்டினேன், அந்த முடிவில் எனக்கு வருத்தமும் இல்லை. கப்பல் கைக்கு வந்த பிறகு எங்கெங்கோ சுற்றினேன், அந்தக் கிராமத்துப் பக்கம் மட்டும் போகவில்லை.