ஃப்ரீபிஎஸ்டியில் நெட்வொர்க் கார்டு டிரைவர்: ரவுட்டராக ஓட்டிய பிறகு என் கருத்து

பழைய கணினி ஒன்றை ரவுட்டராக்க ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் போட்டேன். முதலில் பிடித்தது நெட்வொர்க் கார்டுகளுக்குப் பெயர் வைக்கும் முறைதான். என் இன்டெல் கார்டு இஎம்0. ரியல்டெக் என்றால் ஆர்இ0. பெயரைப் பார்த்தாலே டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், எது என்று தெரிந்துவிடும். அதே பெயரில் மேன் பக்கமும் (கணினியிலேயே இருக்கும் கையேடு) பிரிவு 4-இல் தயாராக இருக்கிறது, படித்தால் புரிகிற மாதிரி!

வேகம், டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு பக்கமும் அனுப்புவதா என்பது), எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) எல்லாவற்றையும் இஃப்கான்ஃபிக் என்ற கட்டளை ஒன்றே பார்த்துக்கொள்கிறது. லினக்ஸில் இதற்கு ஐபி, ஈத்டூல் என்று இரண்டு கருவிகளைத் தேடிப் போக வேண்டும். ரவுட்டருக்கு எல்ஆர்ஓ என்ற வசதி ஆகாது. வரும் பாக்கெட்டுகளை ஒட்டிப் பெரிதாக்கிவிடும்; அதை அப்படியே அடுத்த பக்கம் அனுப்ப முடியாது. "இஃப்கான்ஃபிக் இஎம்0 -எல்ஆர்ஓ" என்று அடித்தேன், இஃப்கான்ஃபிக் காட்டும் ஆப்ஷன்ஸ் வரியிலிருந்து அது உடனே காணாமல் போனது. ரீபூட்டே தேவைப்படவில்லை. நிரந்தரமாக வேண்டுமென்றால் ஆர்சி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் அந்தக் கார்டின் வரியில் "-எல்ஆர்ஓ" சேர்த்தால் சரி.

எரிச்சல் தருவது ரிங் பஃபர் (பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் இடம்) அளவு போன்றவை. டிரைவர் ஏறும்போதே படிக்கப்படுவதால் அவை பூட் ஆகும்போது படிக்கப்படும் லோடர்.கான்ஃப் கோப்பில்தான் போக வேண்டும். அங்கே எழுத்துப்பிழை விட்டால் ஒரு முணுமுணுப்புகூட வராது. ரீபூட் ஆனதும் சிஸ்சிடிஎல் என்ற கட்டளையில் மதிப்பைக் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.