பொழியூர் பட்டறையில் செய்த அவுட்போர்டு பிராக்கெட்: காசுக்கு ஏற்ற சோலியா?

நீரோடி தாண்டி கேரளத்துக்குள் நுழைந்ததும் பொழியூர் பக்கம் ரோட்டோரத்தில் தகரக்கூரை போட்ட ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வள்ளத்துச் சோலி, கேட் சோலி, ஆர்கான் வெல்டிங் எல்லாம் ஒரே இடத்தில். எங்கள் 22 அடி ஃபைபர் படகின் உள் இன்ஜினை எடுத்துவிட்டு அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே தொங்கும் மோட்டார்) மாட்ட, அதைத் தாங்க நான் வரைந்து கொடுத்த பிராக்கெட்டை அங்கேதான் செய்தேன். ஒரு மழைக்காலமும் அதற்குப் பிறகு நல்ல கடலும் பார்த்தாகிவிட்டது. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று எங்கே போனது என்பதையும் சொல்கிறேன்.

பழைய டீசல் இன்ஜின் மேல் எனக்குப் புகார் இல்லை. தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் ஏறிக் கிடக்கும்போது உள் இன்ஜின் படகு படும் பாடு அந்தப் பக்கம் தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். ஃபேனும் (தண்ணீரைத் தள்ளும் புரொப்பல்லர்) சுக்கானும் படகின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்குகின்றன, எதில் தட்டினாலும் முதலில் அடி அவற்றுக்குத்தான். ஃபேனைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் லேசாக வளைந்தால், அது வெளியே போகும் ஓட்டையில் தண்ணீரை மறிக்கும் கிளாண்டில் கயிறு எத்தனை தரம் மாற்றினாலும் தண்ணீர் நிற்காது. அவுட்போர்டு என்றால் மணல் கண்டதும் தூக்கிக்கொள்ளலாம். மச்சானுக்குத் தூண்டில் தொழில், அதிகாலையில் அந்த இடத்தைக் கடந்தாக வேண்டும். வேறு வழியில்லை.

கடையில் ரெடிமேடாக வரும் பிராக்கெட்டை வாங்கி நாலு போல்ட்டில் இறுக்கிவிடலாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். இந்த மேசிரி அதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்து, படகின் பின்பலகையை மேலிருந்து கீழ்வரை சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போனார். ஒரு மூலையில் சத்தம் மந்தமாக மாறியது.

“சாரே, இது தண்ணி உள்ள வராம தடுக்கதுக்கு வச்ச பலவ. தள்ளுவிசைய இது இதுவரைக்கும் தாங்கினதே இல்ல” என்றார்.

அந்த ஒரு பேச்சுக்காகவே மூன்று நட்சத்திரம். உள் இன்ஜின் படகில் ஃபேன் தள்ளும் விசை ஷாஃப்ட் வழியாக கியர்பாக்ஸுக்குப் போய், அங்கிருந்து இன்ஜின் உட்காரும் நீளக் கட்டைகளில் இறங்குகிறது. பின்பலகைக்கு அதில் பங்கே இல்லை. அவுட்போர்டை மாட்டியதும் மொத்தமும் பலகை மேல் விழுகிறது. பிராக்கெட் வைத்தாலோ இன்னும் மோசம். ஏறக்குறைய 50 கிலோ மோட்டார் பலகையிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொங்கும், அலையில் படகு குதிக்கும்போது அதே கனம் சில மடங்காகும். முன்னோக்கி ஓட்டும்போது பிராக்கெட்டின் கீழ்ப்பகுதி பலகையை அமுக்கும், மேல்வரிசை போல்ட்டுகளைப் பிய்த்து இழுக்கும். ரிவர்ஸ் போட்டால் நேர் எதிர்.

அதனால் மேசிரி பிராக்கெட்டைத் தொடுவதற்கு முன்னால் படகின் உள்ளே இறங்கினார். மந்தச் சத்தம் வந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ள மரைன் பிளை 18 மில்லிமீட்டரில் இரண்டு அடுக்கு வைத்து ஃபைபர் ஏற்றினார். அதற்குமேல் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். பழைய இன்ஜின் கட்டைகளைப் பிடுங்கி எறியாமல், அவற்றின் பின்முனையிலிருந்து பலகை வரை இரண்டு முக்கோண முட்டுகள் கொடுத்தார். விசை முன்பு எந்தக் கட்டையில் இறங்கியதோ அதே கட்டைக்கு மறுபடி போய்ச் சேர்ந்துவிட்டது. ஷாஃப்ட் போன ஓட்டையையும் சும்மா அடைக்கவில்லை. சுற்றிலும் படகின் ஃபைபர் சுவர் கனத்தைப் போல பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரித்துத் தேய்த்து, ஃபைபர் மேட் மேல் மேட்டாக ஒட்டினார். அடைப்பு பிதுங்கி வெளியே வர வழியில்லை.

போல்ட் ஓட்டை போட்ட விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 18-இல் துளைத்து, அதில் கெட்டியாகக் குழைத்த எபாக்சியை அடைத்து, மறுநாள் காய்ந்ததும் அந்த எபாக்சியின் நடுவே 12-இல் துளைத்தார். நாளைக்கு சீலன்ட் விட்டாலும் தண்ணீர் பிளையைத் தொடாது. உள்ளே அகலமான பின்தகடு. இவ்வளவு பொறுமை வெல்டிங் பட்டறையில் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

பிராக்கெட் செய்த தகடு விஷயம். ஸ்டெயின்லெஸ் என்றாலே கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டுவார். ஸ்டெயின்லெஸ் ரகங்களில் 202-இலும் காந்தம் ஒட்டாது, 304-இலும் ஒட்டாது, 316-இலும் ஒட்டாது. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. உப்புத் தண்ணீருக்கு 316 வேண்டும், அதில் இருக்கிற 2, 3 சதவீத மாலிப்டினம்தான் குழிக்குழியாக அரிப்பதைத் தடுக்கிறது. இந்தப் பட்டறையில் ரகத்தைச் சோதிக்கும் சொட்டு மருந்தும் சின்ன பேட்டரியும் வைத்திருக்கிறார்கள். தகட்டில் ஒரு சொட்டு விட்டு, பேட்டரி முனையைத் தொட்டு, நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். நான் வாங்கிக்கொண்டு போன தகட்டில் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் அப்படித்தான்.

இப்போது அந்தக் குறைந்த நட்சத்திரம். பட்டறைப் பையன் கேட்டுக்கு இரும்பு அறுத்த அதே கிரைண்டர் தட்டால் என் 316 பற்றவைப்பைத் தேய்த்துவிட்டான். இரும்புத்தூள் ஸ்டெயின்லெஸில் பதிந்து, முதல் உப்புக் காற்றிலேயே டீக்கறை மாதிரி துரு பூத்தது. திரும்பக் கொண்டுபோனபோது பிக்ளிங் பேஸ்ட் (துருவைக் கரைக்கும் அமிலப் பசை) தடவிக் கழுவிக் கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. ஆனாலும் அந்த அலைச்சலுக்கு யார் பொறுப்பு? கொடுக்கும்போதே “ஸ்டெயின்லெஸுக்குப் புதுத் தட்டு” என்று சொல்லி, கூட நில்லுங்கள். சொன்ன தேதியிலும் கிடைக்காது. பக்கத்தில் ஒரு பெரிய வள்ளம் உடைந்து வந்தால் உங்கள் சோலி மூலைக்குப் போய்விடும்.

பிராக்கெட் செய்ய நினைப்பவர்கள் அளவைக் கவனிக்கவும். பலகையிலிருந்து 20 அங்குலம் பின்னால் வைத்தேன். படகுக்குப் பின்னால் தண்ணீர் மேலேறி வருவதால், ஒவ்வொரு அடி தள்ளிவைப்புக்கும் மோட்டாரைச் சுமார் ஓர் அங்குலம் உயர்த்துவது வழக்கம். ஃபேனுக்கு மேலே கிடைமட்டமாக இருக்கும் தகடு, படகின் அடிமட்டத்தைவிட ஒன்றரை அங்குலம் மேலே வருகிற மாதிரி முதலில் வைத்தோம். திருப்பத்தில் ஃபேன் காற்றைக் கவ்வி மோட்டார் அலறியது. ஒரு துளை கீழே இறக்கியதும் அடங்கியது. ஆகவே ஒரே உயரத்தில் பற்றவைக்கச் சொல்லாதீர்கள், ஏற்றி இறக்க வரிசையாகத் துளைகள் கேளுங்கள். என் படகின் பின்பலகை கிட்டத்தட்ட நேர்குத்தாக இருக்கும். மோட்டாருக்கு வேண்டிய 12 டிகிரிச் சாய்வை பிராக்கெட்டிலேயே கொடுத்தோம். மோட்டார் 25 குதிரைசக்தி, 20 அங்குல ஷாஃப்ட், கையால் திருப்புவது.

அந்தக் கைப்பிடிதான் நான் எதிர்பார்க்காத தொல்லை கொடுத்தது. மோட்டார் அவ்வளவு பின்னால் போனதும் படகுக்குள் உட்கார்ந்தவர் கைக்கு எட்டுவதில்லை. மேசிரி ஒரு அலுமினியக் குழாயை நீட்டுப்பிடியாகச் செருகிக் கொடுத்தார். மச்சான் இரண்டே நாளில் பழகிவிட்டார், நான் இன்னும் வலப்பக்கம் திருப்ப நினைத்து இடப்பக்கம் போகிறேன். தூண்டில் கயிறு பிராக்கெட்டின் மூலையில் சிக்குகிறது என்று அவருக்கு ஒரு முனகல் உண்டு. மூலைகளை உருட்டித் தேய்த்ததும் குறைந்தது.

நடுவிலிருந்த டீசல் கனம் போய்விட்டதால் அணியம் (படகின் முன்முனை) மேலே தூக்கும், பின்பக்கம் உட்காரும். ஐஸ் பெட்டி, நங்கூரம், பேட்டரி எல்லாவற்றையும் முன்னால் நகர்த்தினோம். காலியான இன்ஜின் பெட்டிக்குள் பெட்ரோல் டேங்கை வைத்து மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தேங்கி நிற்கும், பேட்டரி முனையில் ஒரு பொறி போதும். டேங்க் எங்களிடம் திறந்த வெளியில்தான் இருக்கிறது.

செலவு: தகடு, போல்ட், கூலி, உள்ளே செய்த ஃபைபர் சோலி எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய், மோட்டார் தனி. எண்ணெய் கலந்த பெட்ரோல் டீசலைவிடக் கையைக் கடிக்கிறது, அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. ஆழமான துறைமுகத்திலிருந்து தினமும் தூரம் போய் வருபவர் டீசலை விட வேண்டாம். மணல் தட்டும் இடத்தில் பாடுபடுபவர் யோசிக்கலாம். இன்ஜின் மாறியதும் மீன்வளத் துறைப் பதிவில் மாற்றி எழுத மறக்காதீர்கள், சோதனையில் நம்பர் ஒத்துப்போகாவிட்டால் பேசிப் புரியவைக்க முடியாது.

ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட்ட பிறகுதான் அங்கே ஷட்டர் திறக்கும். போகும்போது பின்பலகையின் வடிவத்தைப் பழைய பிளையிலோ அட்டையிலோ வெட்டி எடுத்துப் போங்கள். மேசிரி போன் போட்டோவை நம்ப மாட்டார்.